கண்ணாடி வீடும் கிழங்கு ஆர்க்கிடும்: தோட்டக் குறிப்புகள் மீது ஒரு திறனாய்வு

எங்கள் வடக்குப்பட்டைச் சுற்றியுள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில், விற்பனைக்குச் செல்லக் காத்திருக்கும் புதுக் கார்கள் வெட்டவெளியில் வரிசை வரிசையாக நிற்பதைக் காணலாம். சித்திரை வெயிலில் அப்படி நின்ற காரின் கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கும். இதற்குக் காரணம் என்ன என்று வகுப்பில் கேட்டால், மாணவர்கள் தயங்காமல் விடை கூறுவர்: “கண்ணாடி ஒளியை உள்ளே விடுகிறது, சார், வெப்பக் கதிரை வெளியே விடுவதில்லை.” அடுத்து நான் கேட்பது இது: “நான்கு கதவுகளையும் திறந்து வைத்தால் அனல் தணிந்துவிடுகிறதே, முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் இருந்த இடத்தில்தானே இருக்கின்றன?” வகுப்பு அமைதியாகிவிடும்.

இந்தக் கேள்விக்கும் ஆர்க்கிட் செடிகளுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். தாவரவியல் துறை நண்பர் ஒருவர், நாற்றுப் பண்ணையில் தரை ஆர்க்கிட் ஒன்றை வாங்கி வந்தார். ஸ்பேத்தோகுளாட்டிஸ் என்பது அதன் பெயர். தென்னங்கன்றை ஒத்த மடிப்பிலைகளும் ஊதாப் பூக்களும் கொண்டது. அவரிடம் ஒரு தோட்டக் குறிப்பு இருந்தது. தரை ஆர்க்கிட்டுகளைக் குளிர்காலத்தில் பசுமைக் குடிலுக்குள் வைத்து, நீர் ஊற்றுவதை நிறுத்தி, ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். நண்பர் கார்த்திகையில் தொட்டியைப் பாலித்தீன் கூடாரத்திற்குள் வைத்து நீரை நிறுத்தினார். வெளியே மழை பெய்துகொண்டிருக்க, உள்ளே செடி தாகத்தில் வாடியது. தை பிறப்பதற்குள் இலைகள் கருகிவிட்டன. ஓய்வே தேவைப்படாத செடிக்கு ஓய்வு கொடுத்ததன் விளைவு அது.

நண்பர் மீது குற்றமில்லை. குறிப்பை எழுதியவரும் பொய் சொல்லவில்லை. எங்கோ ஒரு குளிர்நாட்டு நூலில் சரியாக இருந்ததை அப்படியே பெயர்த்து எழுதியிருக்கிறார். தமிழில் வரும் தோட்டக்கலைக் குறிப்புகள் பலவற்றில் இந்தக் குறை உண்டு. ஒரு சொல்லும், ஒரு காரணமும், ஒரு நாள்காட்டியும் ஆராயப்படாமல் கடல் கடந்து வந்துவிடுகின்றன. இம்மூன்றையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

‘தாங்கும்’ என்றால் எதைத் தாங்கும்?

ஆர்க்கிட் என்றதும் மரத்தில் தொற்றி வளரும் செடியே நினைவுக்கு வரும். ஆனால் மண்ணில் வேரூன்றி, நிலத்தடியில் கிழங்கு வைத்து வாழும் ஆர்க்கிட் இனங்களும் மிகப் பல. ஐரோப்பிய நூல்கள் இவற்றுள் சிலவற்றை உறுதி வாய்ந்தவை எனக் குறிப்பிடும்போது, உறைபனியைத் தாங்கக்கூடியவை என்பதே பொருள். தமிழுக்கு வரும்போது அது ‘எதையும் தாங்கும் ஆர்க்கிட்’ என்றாகிவிடுகிறது. இது பெரும் பிழை.

இமயத்திலும் ஐரோப்பாவிலும் வளரும் சிப்ரிபீடியம் என்னும் செருப்புப்பூ ஆர்க்கிட்டை எடுத்துக்கொள்வோம். பனிக்கு அடியில் மாதக்கணக்கில் கிடந்து உயிர் பிழைக்கும் செடி அது. பனியைத் தாங்குவது மட்டுமன்று, குளிர் அதற்குத் தேவையும்கூட. சில மாதக் குளிரை அனுபவித்த பின்னரே அதன் மொட்டு உறக்கம் கலைந்து எழும். ஜனவரி இரவிலும் வெப்பநிலை 20 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியே நிற்கும் நம் சமவெளியில், அந்தச் செடிக்கு இரவு விடிவதே இல்லை எனலாம். குளிரில் வல்லமை காட்டுவது வெப்பத்தில் நலிந்தே போகும்.

ஒரே குளிர்காலம், இருவேறு வாழ்க்கை

‘குளிர்காலத்தில் ஓய்வு’ என்னும் விதி, அது பிறந்த நாட்டிலேயே பாதிச் செடிகளுக்குத்தான் பொருந்தும். குளிர்நாட்டினர் மிதக் குளிருள்ள கண்ணாடி வீட்டில் வளர்க்கும் தரை ஆர்க்கிட்டுகள் இரு பிரிவினவாகும்.

முதற்பிரிவு, கோடையில் வளர்ந்து குளிர்காலத்தில் உறங்குவது. சிப்ரிபீடியம், டாக்டைலோரைசா, இமயத்தின் பிளியோன் ஆகியவை இதைச் சேர்ந்தவை. இலையுதிர்ந்தபின் இவற்றுக்கு நீர் மிகக் குறைவாகவே போதும்.

இரண்டாம் பிரிவு இதற்கு நேர்மாறானது. மத்தியதரைக் கடல் நாடுகளில் மழை பெய்வது குளிர்காலத்தில், கோடை வறண்டது. அங்கு வளரும் ஒஃப்ரிஸ், செராப்பியஸ் ஆகியவை இலையுதிர்காலத்தில் துளிர்த்து, குளிர்காலம் முழுதும் பச்சை இலையுடன் நின்று, வசந்தத்தில் பூத்து, கோடையில் கிழங்காய் ஒடுங்கும். ஆஸ்திரேலியாவின் தென்பகுதியிலுள்ள டெரோஸ்டைலிஸ் இனங்களும் இப்படியே. இவற்றுக்குக் குளிர்காலத்தில் நீரும் ஒளியும் காற்றோட்டமும் தேவை. ‘ஓய்வு’ கொடுத்தால் வளர்ச்சியின் நடுவிலேயே பட்டினி போட்டதாகும்.

ஆஸ்திரேலியாவில் குளிர்காலம் ஜூன் முதல் ஆகஸ்டு வரை. ஆகவே மாதத்தின் பெயரை வைத்துக்கொண்டு எந்தச் செடிக்கும் விதி எழுத முடியாது. மழையும் வெப்பநிலையுமே செடியின் நாள்காட்டி. சென்னையையும் காஞ்சிபுரத்தையும் சூழ்ந்த நம் பகுதிக்கோ பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் வருகிறது. வறட்சி மாசிக்குப்பின் தொடங்குகிறது. இங்கே கிழங்குச் செடி ஒடுங்குவது குளிருக்கு அஞ்சி அன்று, வறட்சிக்கு அஞ்சி. ‘டிசம்பரில் நீரை நிறுத்துக’ என்னும் கட்டளை நம் மண்ணில் எவ்வளவு பொருந்தாதது என்பது இப்போது விளங்கும்.

தரையில் பிழைத்தது தொட்டியில் சாவதேன்?

இங்குதான் இயற்பியலுக்கு வேலை வருகிறது. உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் மேகமில்லாத இரவுகளில் அங்குள்ள பள்ளத்தாக்குப் புல்வெளிகள் வெண்பனி போர்த்துக் கிடக்கும். தரை தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானுக்கு இழக்கிறது. குளிர்ந்த காற்று எடை மிகுந்து சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. புல்நுனியில் நீர் உறைகிறது. அதே புல்வெளிகளில்தான் சத்திரியம் நேபாலென்ஸ் என்னும் இளஞ்சிவப்புப் பூங்கொத்து ஆர்க்கிட் வாழ்கிறது. மழைக்காலத்தில் வளர்ந்து பூத்தபின், பனிக்காலத்தில் இலை மடிந்து கிழங்கு மட்டும் மண்ணுக்குள் தங்கும்.

கிழங்கு உறையாதிருப்பது எவ்வாறு? மண் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். பகலின் சூடும் இரவின் குளிரும் மேற்பரப்பிலிருந்து ஓர் அலைபோல் கீழே செல்கின்றன. செல்லச் செல்ல வலுவிழக்கின்றன. ஈரமண்ணில் சுமார் 12 செ.மீ. ஆழத்தில் அந்த ஏற்றஇறக்கம் மேற்பரப்பில் உள்ளதில் 37 விழுக்காடாகக் குறைந்துவிடும். நேரத்திலும் ஏறக்குறைய நான்கு மணி பின்தங்கும். எடுத்துக்காட்டாக, மேற்பரப்பு இரவில் சுழிக்குக் கீழ் 2 டிகிரியும் பகலில் 24 டிகிரியும் ஆகிறது என்று கொள்வோம். சராசரி 11, ஏற்றஇறக்கம் இருபுறமும் 13. அதில் 37 விழுக்காடு ஏறக்குறைய 5. எனவே 12 செ.மீ. ஆழத்துக் கிழங்கு காண்பது 6 முதல் 16 டிகிரி வரைதான். தலைக்கு மேல் உறைபனி இருக்க, கிழங்கு சுகமாக உறங்குகிறது.

இப்போது அதே கிழங்கை 15 செ.மீ. விட்டமுள்ள தொட்டியில் வைப்போம். நட்டநடுவில் வைத்தாலும் பக்கச் சுவர் 7.5 செ.மீ. தொலைவில்தான் இருக்கும். மேலிருந்து மட்டுமல்லாது எல்லாப் பக்கங்களிலிருந்தும் குளிர் நுழையும். தரையில் பனி தாங்கிய செடி தொட்டியில் பனிக்கு இரையாவதன் இரகசியம் இதுவே. தேர்ந்த வளர்ப்பாளர்கள் தொட்டிகளைக் கழுத்துவரை மணற்படுகையில் புதைத்து வைக்கிறார்கள். நம் வீடுகளில் தண்ணீர்ப் பானையை ஈரமணலில் பதித்து வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. தொட்டியை மீண்டும் தரையாக மாற்றும் எளிய உபாயம் அது. ‘குடிலுக்குள் வைக்கவும்’ என்று எழுதுகிற குறிப்புகள் ‘மணலில் புதைத்து வைக்கவும்’ என்பதை விட்டுவிடுகின்றன. காரணம் தெரியாதவருக்கு அது அற்பமாகத் தோன்றுவதே இதற்குக் காரணம்.

கண்ணாடி உண்மையில் என்ன செய்கிறது?

இனி, காரில் நின்ற கேள்விக்கு வருவோம். 1909இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் ஓர் எளிய சோதனை செய்தார். கரிய அட்டையால் செய்த இரு பெட்டிகள். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி, மற்றதற்குப் பாறை உப்பு மூடி. நம் நாட்டு மருந்துக் கடையில் இந்துப்பு என விற்கும் அதே பொருள்தான் பாறை உப்பு. அகச்சிவப்பு வெப்பக் கதிர்களைக் கண்ணாடி தடுக்கும். பாறை உப்போ தாராளமாக வெளியே விடும். பாடநூல் விளக்கம் முழு உண்மையானால், கண்ணாடிப் பெட்டி மிகச் சூடாகவும் உப்புப் பெட்டி குளிர்ச்சியாகவும் இருக்கவேண்டும். ஆனால் சூரிய ஒளியை முதலில் ஒரு கண்ணாடித் தகட்டின் வழியே செலுத்தி இரு பெட்டிகளுக்கும் ஒரே வகை ஒளி கிடைக்கச் செய்தபோது, அவற்றின் வெப்பநிலை வேறுபாடு ஒரு டிகிரிகூட இல்லை. இரண்டும் ஏறக்குறைய 55 டிகிரி வரை சூடேறின.

ஆகவே பகலில் கண்ணாடி வீடு சூடாவதற்குப் பெருங்காரணம், உள்ளே சூடான காற்று மேலெழுந்து வெளியேற வழியில்லாமல் அடைபடுவதே. கார்க் கதவைத் திறந்ததும் அனல் தணிவது இதனால்தான். கண்ணாடிக்கூரை இருந்தும் மேற்சாளரத்தைத் திறந்தவுடன் வீடு குளிர்வதும் இதனால்தான்.

இதிலிருந்து ஒரு தவறான முடிவுக்கும் வாசகர்கள் சென்றுவிடக் கூடாது. ‘அப்படியானால் வளிமண்டலத்தின் பசுமை இல்ல விளைவும் பொய்’ என்று சிலர் வுட்டின் பெயரைச் சொல்லி வாதிடுவர். அது உண்மையன்று. நீராவியும் கரியமில வாயுவும் அகச்சிவப்புக் கதிர்களை உட்கொள்வதை 1859இல் டிண்டால் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார். அவ்வாயுக்கள் இல்லாவிடில் பூமியின் சராசரி வெப்பநிலை 15 டிகிரியாக இராது. சுழிக்குக் கீழ் 18 டிகிரி அளவில் இருக்கும். விளைவு மெய்யானது, அதற்கு இட்ட பெயர்தான் பொருத்தமற்றது. தோட்டத்துக் கண்ணாடி வீடு இயங்கும் முறை வேறு, வானம் இயங்கும் முறை வேறு.

இரவில் மட்டும் கண்ணாடியின் மற்ற குணம் பயன்படுகிறது. தரையிலிருந்து எழும் வெப்பக் கதிரைக் கண்ணாடி தடுத்துக் கொள்வதால் இழப்பு குறைகிறது. பாலித்தீன் தாள் அப்படியன்று. வெப்பக் கதிர்களில் பெரும்பகுதியை அது விட்டுவிடும். அதனால் காற்றசைவில்லாத தெளிந்த இரவில், பாலித்தீன் குடிலின் உட்புறம் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோவதும் உண்டு. மலையில் பனிக்கு அஞ்சிப் பாலித்தீன் கூடாரம் போடுபவருக்கு இது உயிர்நாடியான செய்தி. ‘கண்ணாடி அல்லது பாலித்தீன்’ என்று ஒரே மூச்சில் எழுதிவிடும் குறிப்புகள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

குளிரைவிடக் கொடியது ஈரம்

குளிர்நாட்டு வளர்ப்பாளர் தம் கண்ணாடி வீட்டை வெதுவெதுப்பாக வைப்பதில்லை. உறைநிலைக்குச் சற்று மேலே, 2 முதல் 5 டிகிரிக்குள் இரவைக் கழித்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. அந்த வீட்டின் முதல் வேலை மழையைத் தடுப்பது. குளிர்ந்த நீரில் ஊறும் கிழங்கு அழுகும். இலை மீது நிற்கும் நீரில் சாம்பல் நிறப் பூஞ்சை படரும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது? 10 டிகிரியில் நிறைசெறிவுற்ற ஒரு கனமீட்டர் காற்றில் 9.4 கிராம் நீராவி இருக்கும். அதே காற்று 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் 6.8 கிராமையே தாங்கும். எஞ்சிய 2.6 கிராம் கண்ணாடியிலும் இலையிலும் துளியாகப் படியும். எல்லாச் சாளரங்களையும் அடைத்து ‘பாதுகாப்பாக’ வைத்த வீட்டில், ஒரு சொட்டுக்கூட ஊற்றாமலே செடி நனைந்துவிடும். எனவேதான் குளிரிலும் சாளரத்தைச் சற்றுத் திறந்து வைக்கவும், சிறு மின்விசிறியால் காற்றை அசைக்கவும் அனுபவசாலிகள் சொல்கின்றனர். குளிருக்குப் பயந்து மூடுபவன் ஈரத்தால் இழக்கிறான்.

பழைய தவறும் புதிய தவறும்

இவ்வகைத் தவறு நமக்கு மட்டும் உரியதன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தினர், ஆர்க்கிட் எல்லாம் வெப்பநாட்டுச் செடி என்று எண்ணி, நிலக்கரி எரித்துச் சூடேற்றிய மூடிய வீடுகளில் அடைத்து வைத்தனர். ஆண்டிஸ், இமய மலைகளின் குளிர்ந்த உயரங்களிலிருந்து வந்தவையும் அந்த வேக்காட்டில் மடிந்தன. சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் வெப்பத்தைக் குறைத்துக் காற்றோட்டம் தந்தார். பின்னர் 1860களில் ஜேம்ஸ் பேட்மேன் குளிர்முறை வளர்ப்பைப் பரப்பினார். செடி எங்கே வாழ்ந்தது என்று கேட்டபின்னரே அவர்கள் தோட்டங்களில் அது பிழைத்தது. அன்று அவர்கள் எல்லாவற்றையும் வேகவைத்தார்கள். இன்று நாம் எல்லாவற்றையும் அவர்களது குளிர்காலத்திற்குள் அடைக்கிறோம். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

சரியான வழியைக் காட்டிய நூல்களும் நம்மிடம் உள்ளன. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பைசன், நீலகிரி, பழனி மலைகளில் 6500 அடிக்கு மேல் உள்ள தாவரங்களைப் பற்றி 1915 முதல் 1920 வரை படங்களுடன் வெளியிட்ட நூல் அவற்றுள் ஒன்று. தோட்டம் போடக் கற்பிக்கும் நூல் அன்று அது. ஆயினும் உயரத்தை எல்லையாக வகுத்து, ஒரு மலையுச்சியின் தாவரங்களை அந்த மலையுச்சியோடு சேர்த்தே பார்க்கிறது. வளர்ப்புக் குறிப்பு எழுதுபவர் தொடங்கவேண்டிய இடம் அதுவே. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் நடத்தும் ஆர்க்கிட் தோட்டமும், சமவெளியில் முடியாததை மலையில் செய்வது என்னும் அதே அறிவின் வெளிப்பாடுதான்.

ஒரகடத்தில் குளிர் வீடு கட்டலாமா?

‘குளிரூட்டும் எந்திரம் இருக்கிறதே!’ என்று தொழிற்பகுதி வாசகர் ஒருவர் கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். பத்துச் சதுர மீட்டர் கண்ணாடிக் கூரை மீது நண்பகலில் சதுர மீட்டருக்கு 800 வாட் வெயில் விழுகிறது எனக் கொண்டால், மொத்தம் 8 கிலோவாட். கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டால் 6.4 கிலோவாட். ஒரு டன் குளிர்ப்பெட்டி அகற்றுவது 3.5 கிலோவாட். ஆகவே சுவர் வழியே வரும் வெப்பத்தைச் சேர்க்காமலே ஏறக்குறைய இரண்டு டன் எந்திரம் நாள்தோறும் ஓட வேண்டும். சிங்கப்பூரில் 2012இல் திறக்கப்பட்ட கடற்கரைப் பூங்காவின் பெரிய குளிர்க்குடில்களைக் கண்ட நம்மவர் பலர். ஒரு நாடு தன் பெருமைக்காகச் செய்யலாம். ஓர் ஆசிரியர் தன் மாடியில் செய்ய இயலாது. நம் வெயிலுக்கு ஏற்றது காற்று புகும் நிழல்வலைக் குடில். அதில் வாழக்கூடியவை நம் வெப்பத்திற்குப் பழகிய இனங்கள்.

ஒரு கிழங்கின் விலை

இவ்வளவு ஏன் வாதிட வேண்டும், ஒரு தொட்டிச் செடிதானே என்று நினைக்கலாம். நாட்டு மருந்துக் கடையில் சாலாமிசிரி என்ற பெயரில் விற்கும் காய்ந்த கிழங்கைப் பலரும் பார்த்திருப்போம். அது தரை ஆர்க்கிட்டின் கிழங்கே. ஆர்க்கிஸ் வகைச் செடியில் இரு கிழங்குகள் இருக்கும்: ஒன்று இவ்வாண்டின் தண்டுக்கு உணவூட்டித் தீர்ந்துபோவது, மற்றது அடுத்த ஆண்டுக்கு உரியது. பறிப்பவன் எடுத்துச் செல்வது அடுத்த ஆண்டின் செடியைத்தான். விதையிலிருந்து வளர்ப்பதும் எளிதன்று. தூசிபோன்ற ஆர்க்கிட் விதையில் சேமித்த உணவு இல்லை. பூஞ்சை ஒன்றின் துணையின்றி அது இயற்கையில் முளைக்காது என்பதை 1899இல் நோயல் பெர்னார்ட் கண்டறிந்தார். சர்க்கரை கலந்த ஊட்டக் கரைசலில் பூஞ்சையின்றி முளைக்க வைக்க 1922இல் லூயிஸ் நட்சன் வழி கண்டார். ஆனால் அது ஆய்வுக்கூட வேலை.

எனவே, தவறான குறிப்பை நம்பி மலைப் புல்வெளியிலிருந்து ஒருவர் தோண்டி வரும் கிழங்கு, தொட்டியில் ஓராண்டில் அழுகும். புல்வெளியில் அதன் இடம் வெறுமையாகும். அழிந்தது மீள எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை அந்தப் பூஞ்சையும் மழையுமே தீர்மானிக்கும். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் பட்டியல்களில் இடம்பெற்றிருப்பது காரணமின்றி அன்று.

தமிழில் தோட்டக்கலை எழுதும் அன்பர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். மாதங்களை மொழிபெயர்க்காதீர்கள், நிலைமைகளை மொழிபெயருங்கள். ஒரு செடியைப் பற்றி எழுதும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள்: அது இயற்கையில் எங்கே வாழ்கிறது? அங்கே மழை எப்போது பெய்கிறது? கிழங்கு கிடக்கும் ஆழத்தில் வெப்பநிலை என்ன? இவற்றை எழுதிவிட்டால், எந்த மாதத்தில் நீர் ஊற்றுவது என்பதை வடக்குப்பட்டு வாசகரும் கோத்தகிரி வாசகரும் தாமே கணக்கிட்டுக் கொள்வர். வாசிப்பவர்களுக்கும் ஒரு சொல்: குறிப்பு அச்சில் வந்தது என்பதற்காக நீரை நிறுத்தாதீர்கள். முதலில் சாளரத்திற்கு வெளியே பாருங்கள். மழை பெய்துகொண்டிருந்தால், செடி உறங்கவில்லை.